கீழ்ஸ்தாயிக்காரர்கள்: பேஸ் கிதார் பற்றிச் சில சரித்திரக் குறிப்புகள்

1

1951ன் கடைசியில் கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரிலிருந்து ஒரு புதிய வாத்தியம் விற்பனைக்கு வந்தது. செய்தவர் லியோ ஃபெண்டர். கணக்கு உத்தியோகம் பார்த்தவர். 1938ல் அதே ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. வாத்தியத்துக்கு வைத்த பெயர் 'ப்ரிஸிஷன் பேஸ்'. துல்லியம் என்பது கலைஞன் விரும்பி எடுத்துக்கொள்ளும் சொல் அல்ல. அளவுகோல் பிடிப்பவனுக்கும் பேரேடு எழுதுகிறவனுக்கும் உரிய சொல். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகம் கேட்ட பாட்டுகளில் கணிசமானவை இந்தச் சொல்லின் மேல் நிற்கின்றன என்பதைப் பேரேடு எழுதிப் பிழைக்கும் நான் கொஞ்சம் அல்ப சந்தோஷத்தோடுதான் குறிப்பிடுகிறேன்.

அதுவரை கீழ்ஸ்தாயி வேலையைச் செய்துவந்தது டபிள் பேஸ். ஆளுயரம், பெருத்த வயிறு, ஏறக்குறைய 42 அங்குலத் தந்தி. நின்றுகொண்டு அணைத்துப் பிடித்து வாசிக்க வேண்டும். டிரம்ஸும் ஊதுகருவிகளும் மின்கிதாரும் சேர்ந்துகொண்ட நடன மண்டபத்தில் அதன் ஒலி அமுங்கிப்போகும். காரில் ஏற்றினால் ஆட்களுக்கு இடமிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் மெட்டுகள் இல்லை. விரல் நூலிழை விலகினால் சுருதி விலகிவிடும். வருஷக்கணக்கில் கையைப் பழக்கியவனைத் தவிர மற்றவனை அது பக்கத்தில் சேர்க்காது.

ஃபெண்டர் செய்தது இதுதான்: கிதாரின் கீழ் நான்கு தந்திகளை ஒரு ஸ்தாயி இறக்கினார். தந்தி நீளத்தை 34 அங்குலமாக்கினார். உள்ளீடற்ற வயிற்றை விட்டுவிட்டு, முழுப் பலகையில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்பைப் பொருத்தினார். தந்தி அசையும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒலியை உண்டாக்கும் பொறுப்பு மரத்திலிருந்து ஒலிபெருக்கிக்கு மாறுகிறது. ஆகக் கீழே உள்ள தந்தியின் அதிர்வு விநாடிக்கு 41 தடவை. அந்தக் கனத்தைத் தாங்கும் ஒலிபெருக்கி அன்று கடைகளில் சுலபமாகக் கிடைக்காததால் 1952ல் 'பேஸ்மேன்' என்று அதையும் தானே செய்தார். கழுத்தில் மெட்டுகளைப் பதித்தார். பெயரில் உள்ள துல்லியம் இந்த மெட்டுகளின் துல்லியம்தான்.

முதலில் செய்தவர் அவர்தானா என்றால், இல்லை. சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களின் நடுவிலேயே மெட்டுகளும் பிக்கப்பும் கொண்ட, கிதார்போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கும் ஒரு மின் பேஸை 'ஆடியோவாக்ஸ் 736' என்ற பெயரில் விற்றார். வெகு சிலர் கைக்கு மட்டுமே போய் அது நின்றுவிட்டது. முதல் புதுக்கவிதை யாருடையது என்று சண்டை போட்டுப் பழகிய நமக்கு இந்தத் தகராறு புதிதல்ல. ஒரு வடிவம் எப்போது தோன்றியது என்பதைவிட, அது தனக்கான கைகளை எப்போது கண்டுகொண்டது என்ற கேள்விதான் எனக்கு உபயோகமாகப் படுகிறது. 1930களில் மேடைச் சத்தம் அந்த அளவுக்கு ஏறியிருக்கவில்லை. 1951ல் ஏறிவிட்டிருந்தது.

மெட்டு விஷயத்தை நம்மால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியும். வீணையில் 24 மெட்டுகள்; கோட்டு வாத்தியத்தில் ஒன்றுமில்லை. அதனால் வீணை தாழ்ந்துவிடவில்லை. மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தைக் கொண்டுவர வைணிகர்கள் கண்ட வழி, மெட்டு என்ற தடையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் ஜாஸ் உலகில் பலருக்கு ஃபெண்டரின் பலகை ஒரு அவமரியாதையாகத் தோன்றியது. உழைப்பின்றிச் சுருதி கிடைத்துவிடுகிறது என்பதே அவர்கள் கோபத்தின் சாரம். யாப்பைப் படிக்காமல் கவிதை எழுத வந்துவிட்டார்கள் என்று நம் பண்டிதர்கள் கோபித்துக்கொண்டதற்கும் இதற்கும் சுருதி பேதம் அதிகமில்லை.

லயனல் ஹாம்ப்டன் தன் பெரிய குழுவில் ராய் ஜான்ஸன் கையில் இந்த வாத்தியத்தைக் கொடுத்தார். 1952ல் 'டவுன் பீட்' பத்திரிகையில் லெனர்ட் ஃபெதர் அதைப் பற்றி எழுதினார்: மேடையில் பேஸ்காரர் இல்லை, ஆனால் பேஸ் கேட்கிறது. பிறகு அதே குழுவில் மங்க் மாண்ட்காமரி வந்தார். டபிள் பேஸில் பழகியவர்; 1953ல் ஆர்ட் ஃபார்மரின் இசைத்தட்டில் மின் பேஸ் வாசித்தார். ஆள் இல்லை, ஒலி இருக்கிறது என்ற அந்த முதல் திகைப்பு இந்த வாத்தியத்தின் மொத்தச் சரித்திரத்துக்கும் பொருந்தும் என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

இந்த வாத்தியத்துக்கு யாரும் தவமிருந்து வரவில்லை. பெரும்பாலோர் தற்செயலாக வந்தவர்கள், சிலர் வேண்டாவெறுப்பாக.

பீட்டில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் ஸட்க்ளிஃப். 1961ல் ஓவியம் படிக்க அவர் விலகியபோது அந்த இடம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கிதார் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னியின் தலையில் அது விழுந்தது. ஹாம்பர்க்கில் ஒரு கடையில் ஏறக்குறைய 30 பவுனுக்கு வயலின் உருவத்தில் இருந்த ஹோஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். ஃபெண்டர் வாங்கப் பணம் இல்லை. தவிர அவர் இடதுகைக்காரர். ஹோஃப்னரின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. பாட்டைக் கீழிருந்து நடத்திச்செல்லும் ஒரு தனிக்குரலை ஜனரஞ்சக சங்கீதத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் அந்த இடத்துக்கு வந்த காரணங்கள் இவ்வளவுதான்: ஒரு காலியிடம், குறைந்த விலை, தோற்றம்.

1963ல் ஹாலிவுட்டில் ஒரு ஒலிப்பதிவுக்குப் பேஸ்காரர் வரவில்லை. கிதார் வாசிக்க வந்திருந்த கேரல் கேய் என்ற பெண் அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். ஆறு தந்திக்குப் பதில் நான்குதான், சுமந்துவர வேண்டியது ஒரே ஒரு வாத்தியம்தான் என்று அதிலேயே தங்கினார். பல்லாயிரம் ஒலிப்பதிவுகளில் பங்குகொண்ட ஜீவிதம் அது. 1969லிருந்து பேஸ் பாடப்புத்தகங்களும் எழுதினார். வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் அமெச்சூர்களின் ஒரு தலைமுறைக்கு அவைதான் வாத்தியார்.

லாரி கிரஹாம் தன் தாயோடு சேர்ந்து வாசித்துவந்தார். டிரம்ஸ்காரர் இல்லாமற்போனபோது அந்தத் தாளத்தைத் தன் கையிலேயே கொண்டுவர வேண்டி, கட்டைவிரலால் தந்தியை அடித்தும் மற்றொரு விரலால் சுண்டியும் வாசித்தார். இன்று உலகமெங்கும் பேஸ் பழகும் பையன்கள் முதலில் செய்து பார்க்க ஆசைப்படுவது இந்த வித்தையைத்தான். ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டச் செய்த காரியம் ஒரு பாணியாகிவிட்டது.

இவற்றை மேதைகளின் கதைகளாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு கருவி தன்னை நெருங்குபவனிடம் தகுதிச்சீட்டுக் கேட்காதபோது என்ன நடக்கிறது என்பதற்கான உதாரணங்கள் இவை. மெட்டுகள் சுருதியைப் பார்த்துக்கொண்டதால், வந்தவர்களின் கவனம் வேறு விஷயங்களுக்குப் போக முடிந்தது. ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பவற்றுக்கு.

அந்த மெட்டுகளையும் வேண்டாமென்ற ஒருவர் பிறகு வந்தார். ஜாக்கோ பஸ்டோரியஸ், அந்த வாத்தியம் வெளிவந்த 1951லேயே பிறந்தவர். மெட்டுகள் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸி பூசப்பட்ட ஒரு 1962 வருஷத்து ஜாஸ் பேஸில் அவர் 1976ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு பேஸ்காரர்களைத் தூங்கவிடவில்லை. மெட்டில்லாத மின் பேஸை முதலில் வாசித்தவர் அவரல்ல. ஆனால் அதற்குப் பேச வரும் என்று காட்டியவர். வட்டம் பூர்த்தியானதாகத் தோன்றும். ஆனால் துல்லியத்தை வேண்டாமென்று சொல்வதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டியிருந்தது.

3

ஜேம்ஸ் ஜேமர்சன் விஷயத்துக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அவர்தான்.

1936ல் தெற்குக் கரோலினாவில் பிறந்து, 1954ல் டெட்ராய்ட்டுக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் டபிள் பேஸ் கற்றார். பெரி கோர்டி 1959ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி மோட்டௌன் ஆனது. மேற்கு கிராண்ட் பூல்வார்டில் ஒரு வீட்டைச் சேர்ந்த சின்ன ஒலிப்பதிவு அறையில், 'பாம்புக்குழி' என்று வாத்தியக்காரர்கள் அழைத்த இடத்தில், ஜேமர்சன் பத்து வருஷங்களுக்கு மேல் வாசித்தார். அவரிடம் இருந்தது ஒரு 1962 ப்ரிஸிஷன் பேஸ். தடித்த, தட்டையாகச் சுற்றப்பட்ட தந்திகள். அறுந்தாலொழிய அவற்றை மாற்ற மாட்டார். பாலத்தின் மூடிக்கு அடியில் தந்தியை அமுக்கும் பஞ்சு. டபிள் பேஸ் பழக்கம் விடாமல் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார்.

புதுத் தந்தியின் பளபளப்பும் இல்லை, நீடித்த ரீங்காரமும் இல்லை. ஒரு சுரம் எழுந்து, தன் கனத்தைக் காட்டிவிட்டு, அடுத்ததற்கு இடம் விட்டு மறைகிறது. இந்தக் குறுகிய ஆயுளுக்குள்தான் அவர் தன் சுதந்திரத்தைக் கண்டார். அதுவரை பேஸ்காரன் ஒவ்வொரு தாள எண்ணிக்கையிலும் ஆதார சுரத்தை ஊன்றிக்கொண்டிருந்தால் போதும். ஜேமர்சன் எண்ணிக்கைகளுக்கு இடையே நடந்தார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பேசினார். பாடும் இடத்தில் ஒதுங்கினார். 1967ல் ஃபோர் டாப்ஸ் பாடிய 'பெர்னடெட்'டில் பாட்டை மறந்துவிட்டுக் கீழே மட்டும் கேட்டுப்பாருங்கள். அங்கே இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும்.

உலகம் கேட்டது, பெயர் தெரியாது. மோட்டௌன் தட்டுகளின் உறையில் பாடகர்கள் பெயர் இருக்கும், வாத்தியக்காரர்கள் பெயர் இருக்காது. 1971ல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டின் உறையில்தான் முதல்முறையாக அவர் பெயர் அச்சானது. 1972ல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. அவரும் போனார். அங்கே புதுத் தந்தியும் புதுப் பாணியும் கேட்டார்கள். குடி முற்றியது. 1983ல் கம்பெனி தன் 25 வருஷத்தைக் கொண்டாடிய நிகழ்ச்சிக்கு அவர் டிக்கெட் வாங்கி மாடியில் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த வருஷம்தான் அவருடைய பேஸ் திருடு போயிற்று. ஆகஸ்ட் 2ல் இறந்தார். வயது 47.

இதை நெஞ்சுருகச் சொல்வது சுலபம். உருகிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். நான் கேட்பது வேறு: பிறகு அவர் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது யார்? கம்பெனி அல்ல, விமர்சகர்களும் அல்ல. விமர்சகர்கள் குரலைப் பற்றியும் வரிகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார்கள். படுக்கையறையில் பிளேயரின் ஊசியைத் திரும்பத் திரும்பப் பின்னுக்கு வைத்து, 'இந்த இடத்தில் இவன் என்ன செய்கிறான்' என்று தடவிக்கொண்டிருந்த பெயர் தெரியாத பையன்கள் உலகமெங்கும் இருந்தார்கள். யார் என்று தெரியாமலேயே அவர் விரலைத் தங்கள் விரலால் பின்தொடர்ந்தவர்கள். 1989ல் ஆலன் ஸ்லட்ஸ்கி எழுதிய 'ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டௌன்' வெளிவந்தபோது அதில் வாழ்க்கை வரலாறு இருந்தது. கூடவே பேஸ் பகுதிகள் சுரம் சுரமாக எழுதப்பட்டிருந்தன, வாசித்துப் பழகுவதற்கு. வாசித்துப் பார்க்க விரும்பும் ஒரு கூட்டம் இருந்திராவிட்டால் அந்தப் புத்தகத்துக்குத் தேவை இருந்திருக்காது. 2000ல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்ததும், 2002ல் அதே பெயரில் படம் வந்ததும் அதற்குப் பிறகுதான்.

அதே புகழ்க்கூடம் 2025ல் கேரல் கேயைத் தேர்ந்தெடுத்தபோது அவர் வர மறுத்துவிட்டார். ஒலிப்பதிவு வாத்தியக்காரர்களின் வேலை ஒரு கூட்டு வேலை. அதில் ஒருவரைத் தனியே உயர்த்துவது அந்த வேலைக்குப் பொருந்தாது என்பது அவருடைய நிலை. ஜேமர்சனுக்குப் பெயர் கிடைக்காதது அநியாயம். கேய்க்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்க என்னால் முடியவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. இளையராஜாவின் எத்தனையோ பாட்டுகளில் பேஸ் கிதார் பாடலுக்குத் துணையாக இல்லாமல் எதிர்வழியில் தன்பாட்டுக்கு நடப்பதைத் தமிழ்க் காதுகள் 1970களின் கடைசியிலிருந்து கேட்டுவருகின்றன. அந்த நடையை எழுதியவர் யாரென்று தெரியும். வாசித்த விரல் யாருடையது என்று உறையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

4

பெயரை மறந்த சந்தை, பொருளை மறக்கவில்லை.

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை ஸிபிஎஸ் நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். தரம் இறங்கியது என்று வாத்தியக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1985ல் ஸிபிஎஸ் அதை உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு 12.5 மில்லியனுக்கு விற்றுக் கையைக் கழுவியது. இருபது வருஷம் வைத்திருந்து, வாங்கியதைவிடக் குறைவாக விற்ற சொத்து. இதற்குள் ஜப்பானியர்கள் இந்தப் பேஸ்களை நகல் செய்யத் தொடங்கி, அசலுக்குச் சங்கடம் உண்டாகும் அளவுக்கு நன்றாகச் செய்துவிட்டார்கள். வேறு வழியின்றி 1982ல் ஃபெண்டரே ஜப்பானில் தயாரிப்பைத் தொடங்கியது. இன்று ஆரம்பக்காரன் கையில் வரும் பேஸ் பெரும்பாலும் இந்தோனேஷியாவிலோ சீனாவிலோ செய்தது. நடன மண்டபத்துக்காரனுக்காகப் போட்ட வரைபடம் இன்னும் மாறவில்லை.

மறுபக்கம், 1965க்கு முந்தியவை புனிதப் பொருள்களாகிவிட்டன. கழுத்தைக் கழற்றி அடியில் எழுதியிருக்கும் தேதியைப் பார்க்கிறார்கள். திருகாணி மாற்றப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறார்கள். 1995ல் ஃபெண்டர் கம்பெனியே, புதுக் கிதாரின் வர்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, பழசுபோலச் செய்து 'ரெலிக்' என்று கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்தது. வாழாத வாழ்க்கையின் தழும்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. முதல் பதிப்பை வாங்கிப் பக்கம் வெட்டாமல் வைத்திருக்கும் நம் நண்பர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பொருள்மேல் உள்ள பற்றை முழுக்கக் கேலி செய்துவிட முடியாது. மெக்கார்ட்னியின் 1961 ஹோஃப்னர் 1972ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு சிலர் பிடிவாதமாகத் தேடினார்கள். ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 2024ல் அவரிடம் திரும்பியதாக அறிவிக்கப்பட்டது. ஜாக்கோவின் பேஸ் 1986ல் நியூயார்க்கில் தொலைந்து, 2006ல் தலைகாட்டி, மெடாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹில்யோ பணம் கொடுத்து உதவியதால் அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது. அவர் 1987லேயே, 35 வயதில், அடிபட்டு இறந்திருந்தார். பலகை மீண்டு வருகிறது. எந்தச் சந்தை விலையாலும் விளக்க முடியாத ஏதோ ஒன்று இதில் இருக்கத்தான் செய்கிறது.

5

நம் வட்டாரத்தில் 'பொழுதுபோக்கு' என்பது ஒரு வசைச்சொல். வாராந்தரிகளில் வரும் தொடர்கதையைத் திட்ட நாம் வைத்திருக்கும் முதல் வார்த்தை. பேஸ் கிதாரைப் பொழுதுபோக்காக வாசிக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூச்சம் வருகிறது. அந்தச் சொல்லின் மேல் நாம் இரண்டு வெவ்வேறு காரியங்களை ஏற்றிவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று, யாரோ தயாரித்துக் கொடுப்பதை உட்கார்ந்து விழுங்குவது. மற்றது, யாரும் கேட்காத, யாரும் கூலி கொடுக்காத காரியத்தில் இரவு விரல் வலிக்க உட்கார்ந்திருப்பது. இரண்டாவதைப் பழிக்கும் யோக்யதை, முந்நூறு பிரதி அச்சடித்து நூற்றைம்பதை அட்டைப்பெட்டியில் வைத்திருக்கும் நமக்குக் கிடையாது.

என்னிடம் இருப்பது ஒரு பழைய பேஸ். ப்ரிஸிஷனின் நகலுக்கு நகல். வாங்கும்போது அறிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி கழுத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து வளைவு பார்த்தேன். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி வரும் சுரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழும் சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்டேன். இருந்தன. ஜி தந்தியில் ஆறாம் மெட்டு வாக்கில் ஒரு சுரம் சீக்கிரம் செத்துவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். விசாரித்ததில், அந்த வகைப் பேஸ்களில் பெரும்பாலானவற்றில், விலை உயர்ந்தவற்றிலும், அப்பகுதியில் இந்தக் குறை உண்டு. கழுத்தின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய், தந்தியின் சக்தியைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. அறுபதினாயிரம் ரூபாய் கொடுத்தாலும் தப்ப முடியாது. இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

புதிதாக ஒன்று வாங்கும் ஆசை அடிக்கடி வருகிறது. கவனித்ததில், வாசிப்பு முன்னேறாத வாரங்களில்தான் வருகிறது. எழுத வராதபோது பேனா வாங்கப் போவதைப் போல.

இரவில் ஒலிபெருக்கி போட முடியாது. மின்சாரமில்லாத பேஸ் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. பலகையின் மேல்கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டால் எலும்பு வழியாக உள்ளே கேட்கும். அப்போது அது உலகத்தில் ஒருவனுக்கு மட்டும் கேட்கிற சங்கீதம். கிதாரில் சுரம் காதுக்கு வருகிறது. பேஸில் விலாவுக்கும் வருகிறது. கீழ் ஈ தந்தியை ஒருமுறை மீட்டி, அது அடங்கும்வரை சும்மா இருப்பதே போதுமென்று சில நாள் தோன்றும்.

போதாது என்றும் தோன்றும். சில மாதங்களாக 'பெர்னடெட்'டின் பேஸ் பகுதியைப் பழகிக்கொண்டிருக்கிறேன், ஜேமர்சன் செய்ததுபோல ஒற்றை விரலால். சுரங்கள் எல்லாம் கையில் வந்துவிட்டன, மெட்டுகளின் தயவு. வராதது அவற்றுக்கு இடையில் உள்ளது. அவர் ஒரு இடத்தில் நிற்கிறார், நான் நின்றால் அது தவறியது போலிருக்கிறது. நேற்றும் அதே இடத்தில் தவறினேன். மணி பதினொன்றரை. ஊசியைப் பின்னுக்கு வைப்பதுபோல, மறுபடியும் தொடக்கத்திலிருந்து கேட்டேன்.